பச்சையாகவே வாடிய தக்காளி: திருவட்டாறு பக்கத்து வீட்டு விளை ஒன்றில் நடந்தது

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டு விளையில் (வீட்டை ஒட்டிய தோட்டத்தில்) 2023 ஆகஸ்ட் கடைசியில் நட்ட முப்பது சொச்சம் தக்காளிச் செடிகளில் முக்கால்வாசி, பூ எடுத்துப் பிஞ்சு வைக்கிற நேரத்தில், இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடிச் செத்தன. அதே பாக்கெட் விதையில், மாவட்டத்தின் மறுமுனையில் தோவாளையில் முளைத்த நாற்றுகள் நன்றாகவே காய்த்தன. மிஞ்சிப்போன நாலைந்து நாற்றுகளைத் திருவட்டாறு வீட்டு மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) பழைய பெயின்ட் வாளிகளில் வைத்திருந்தார்கள், அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நடந்தது என்பது பாதி புரிந்துவிடும். மீதிக்கு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடு அண்ணனுடையது, தோட்டம் மைனியின் (அண்ணியின்) கையில். அந்த ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது யாருக்கும் மறந்திருக்காது. சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்கிற நிலை வந்தது. குமரி மாவட்டத்துக்குத் தக்காளி பெரும்பாலும் வெளியிலிருந்து லாரியில்தான் வருகிறது. வாழை, மரச்சீனி (மரவள்ளி), தென்னை, ரப்பர், நல்லமிளகு என்று எதை வைத்தாலும் வருகிற ஊரில் ரசத்துக்குப் போடுகிற தக்காளிக்கு மட்டும் ஏன் ஒட்டன்சத்திரம் சந்தையை எதிர்பார்க்கிறோம் என்று யாராவது ஒரு தடவை யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மைனி யோசித்தது வேறு: விலை இப்படியே போனால் கட்டாது, நாமே போட்டுக்கொள்வோம்.

விதை பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்கிற நாட்டு ரகத்திலிருந்து சடுதி மாற்றம் (மரபணுவில் திடீர் மாற்றம்) மூலம் உருவாக்கியது. சற்றுத் தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சைத் தோள், நல்ல புளிப்பு. வறட்சி தாங்கும், தூரத்துக்கு லாரியில் போனாலும் நசுங்காது. நல்ல ரகம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். எந்த மண்ணுக்கு நல்ல ரகம் என்பதுதான் இங்கே கேள்வி.

நாற்று வளர்த்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், விதையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு உதவும். குழித்தட்டில் தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினார்கள். நார்த்தூளை அப்படியே போடவில்லை, கதம்பலில் (தேங்காய் மட்டையில்) இருக்கிற உப்பும் கறையும் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போட்டார்கள். விதை அரை சென்டிமீட்டர் ஆழம், அதற்கு மேல் போனால் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரத் திணறும். நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு நாளில் முளைத்துவிடும். முளைத்த அன்றே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு தலை சாய்ந்துவிடும், அப்புறம் அதை நிமிர்த்த முடியாது. ஆகஸ்ட் சாரல் நேரடியாக விழாமல் தட்டு ஷீட் போட்ட முற்றத்து ஓரம் இருந்தது, காலையில் ஒரு தடவை பூவாளியால் தண்ணீர், மாலையில் ஊற்றுவதில்லை. ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால் தண்டு தரையோடு அழுகிச் சாயும் நாற்றழுகல் வரும் என்று மைனிக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை, மிளகாய் நாற்று விட்ட கை. நாலைந்து இலையோடு, இருபத்தைந்து நாளில் நடுகிற பருவம். நடும்போது விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் போகிற மாதிரி ஆழமாக வைத்தார்கள்; தக்காளித் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும்.

இப்போது நட்ட இடம். வீட்டுக்குப் பின்னால் மேற்கே சரிகிற விளை. மேல் முனையில் துணி துவைக்கிற கல்லும் குழாயும், அங்கிருந்து தண்ணீர் ஒரு ஓடை போலப் பாத்தியின் நடுவே இறங்கிக் கீழே வாழை மூட்டுக்குப் போகிறது. அந்தப் பாத்தியில் முந்தைய வருஷங்களில் நின்றது கத்தரி. அதற்கு முன்னால் இஞ்சி. ஓரத்தில் தானாக முளைத்த மணத்தக்காளி எப்போதும் நிற்கும்.

முதலில் வாடியது கீழ் முனையில், ஓடையை ஒட்டி நின்ற செடி. மத்தியானம் தலை தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெயிலுக்கு வாடியிருக்கும் என்று அண்ணன் கூடுதலாகத் தண்ணீர் விட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்து சாயங்காலமும் நிமிரவில்லை. இந்தச் சாயங்கால நிமிர்வுதான் ஆளை ஏமாற்றுவது, தண்ணீர்தான் குறை என்று அடித்துச் சொல்லும். ஒரு மழை பெய்து விட்டதும் ஓடையின் இரு பக்கமும் வரிசையாகச் சாய ஆரம்பித்தன. ஓடையை விட்டு விலகி மேட்டில் நின்ற செடிகள் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தன.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டா கண்ணேறு என்றார். உரக்கடையில் வேரழுகல் என்று ஒரு பூஞ்சணக்கொல்லியும், அது கேட்காமல் போனால் அடிக்க ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஒரு பவுடரும் தந்து அனுப்பினார்கள். நான் போனபோது இரண்டும் பிரிக்காமல் திண்ணையில் இருந்தன, மைனி நல்ல வேளையாக மருந்தை அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவரில்லை.

செடியைப் பிடுங்கிப் பார்த்தால் சில விஷயங்கள் உடனே விலகிவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, இதில் இல்லை. கரையான் அரித்திருந்தால் தண்டில் மண் ஏறியிருக்கும், அதுவும் இல்லை. ஃபுசேரியம் என்கிற பூஞ்சண வாடலாக இருந்தால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும், வாடுவதற்கு நாளும் எடுக்கும். இங்கே எல்லா இலையும் பச்சை, வாடியது நுனியிலிருந்து, அதுவும் மளமளவென்று. தண்டைத் தரையோடு ஒட்டி வெட்டிக் குறுக்கே பார்த்தால் தோலுக்கு உள்ளே ஒரு பழுப்பு வளையம். விரலால் அழுத்தினால் அந்த வளையத்திலிருந்து கலங்கலான பிசின் கசிந்தது.

இனி அந்த டம்ளர். வாடி ஓரிரு நாள் ஆன செடியாக இருக்க வேண்டும், காய்ந்து போனது ஆகாது. தரையிலிருந்து சற்று மேலே மூன்று விரல் நீளத்துக்குத் தண்டை வெட்டி, வெட்டு முனை தண்ணீரில் லேசாக முங்கும்படி ஈர்க்குச்சியில் கோத்துத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் தெளிந்ததாக இருக்க வேண்டும், டம்ளரை ஆட்டக் கூடாது, பின்னால் கறுப்பாக ஏதாவது வைத்துக்கொண்டால் நல்லது. மைனியின் சமையல் மேடையில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெட்டு முனையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளை இழை, ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, நெளிந்து நெளிந்து அடியை நோக்கி இறங்கியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. சற்று நேரத்தில் தண்ணீரே கலங்கிவிட்டது. அந்த இழை முழுக்க பாக்டீரியா. பூஞ்சண வாடலில் இது வராது, தண்ணீர்க் குறையிலும் வராது. ஆய்வகம் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இவ்வளவு நேராகப் பதில் சொல்கிற ஒன்று வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். பாக்டீரியா வாடல் நோய். மண்ணில் இருந்து வேரில் உள்ள காயம் வழியாக உள்ளே போகும். நடும்போது அறுந்த வேர், களை கொத்தும்போது பட்ட வெட்டு, நூற்புழு கடித்த துளை, எதுவானாலும் அதற்கு வாசல்தான். உள்ளே போய்த் தண்ணீர் ஏறுகிற குழாயில் பெருகி, பிசினால் அதை அடைத்துவிடும். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே செடி தாகத்தில் சாகிறது. அதற்கு மேலே மேலே தண்ணீர் விட்டால், செத்த செடியின் வேரிலிருந்து வெளியேறுகிற கிருமியைக் கீழே நிற்கிற செடிக்கு நாமே கொண்டு சேர்க்கிறோம். ஓடையை ஒட்டி வரிசையாகச் சாய்ந்ததன் காரணம் இதுதான். கத்தரி, மிளகாய், உருளை, மணத்தக்காளி எல்லாம் இதற்குச் சொந்த வீடு, இஞ்சியையும் விடாது. செடி இல்லாத காலத்திலும் ஈரமான மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்தப் பாத்தியில் கத்தரி நின்றபோதும் இடையிடையே ஒன்றிரண்டு இப்படிப் போனதை மைனி அப்போதுதான் ஞாபகப்படுத்திச் சொன்னார்.

சரி, தோவாளையில் ஏன் வரவில்லை? மாவட்டம் சின்னது, இரண்டு பஸ் மாறினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிடலாம், ஆனால் மண் இரண்டு வகை. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் மழை குறைவு, கணவாய்க் காற்று ஈரத்தை நிற்கவிடாது. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும், அந்தத் தண்ணீர் மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய், மிஞ்சியது புளித்த செம்மண். அண்ணன் வீட்டு மண்ணைச் சோதிக்கக் கொடுத்தபோது அமிலக் கார அளவு (pH) 5-ஐ ஒட்டி வந்தது, அதாவது புளிப்பு மண். தக்காளிக்கு 6-லிருந்து 7 வரை இருந்தால் சுகம். வெப்பம், ஈரம், புளிப்பு மண், மூன்றும் சேர்ந்தால் இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும். மட்டுப்பா வாளிகளில் இருந்தது விளை மண்ணே இல்லை, குழித்தட்டுக்குக் கலந்து மிஞ்சிய நார்த்தூளும் உரமும் கொஞ்சம் மணலும். அதே விதை, அதே கிணற்றுத் தண்ணீர், அதே கை. மண் மட்டும்தான் வேறு. விதையைக் குற்றம் சொல்ல இடமே இல்லை.

என் கட்சி இதுதான்: 1956 நவம்பர் 1-ம் தேதி நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் மேற்குப் பகுதியின் மண் இன்னும் திருவனந்தபுரத்தோடுதான் இருக்கிறது. தக்காளி ரகத்தை நாம் கோயம்புத்தூரையும் பெரியகுளத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். தக்காளி வாடலோடு இதே மண்ணில் மல்லுக்கட்டிய கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்று வாடல் தாங்கும் ரகங்களை வெளியிட்டு ரொம்பக் காலம் ஆகிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் வாடலோடு இலைச்சுருட்டு வைரஸையும் இலைக்கருகலையும் சேர்த்துத் தாங்கும், ஆனால் அது வீரிய ஒட்டு, விதை எடுத்துத் திரும்பப் போட முடியாது. தாங்கும் என்றால் வரவே வராது என்று அர்த்தமில்லை, கிருமி உள்ளே இருந்தாலும் செடி சமாளித்துக் காய்க்கும் என்பதுதான்.

வாடல் வந்த செடிக்கு மருந்து கிடையாது. உரக்கடைப் பவுடரைத் தெளித்தாலும் குழாய்க்குள் இருக்கிற கிருமிக்கு அது போய்ச் சேராது, மனுஷனுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கை மண்ணில் கொட்டினதுதான் மிச்சம். செத்த செடிகளை வேர் மண்ணோடு தோண்டி, ஓடையில் சிந்தாமல் சாக்கில் கட்டி எடுத்துக் காயவைத்து எரித்தார்கள். உரக்குழியில் போடவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு அனகாவும் ரக்ஷக்கும் வாங்கினோம். அக்டோபர் கடைசியில் விதைப்பு, நவம்பர் மூன்றாம் வாரம் நடவு. ஐப்பசி மழையில் நாற்று கூரைக்குக் கீழே இருக்கும், பூ எடுப்பது டிசம்பர், ஜனவரியில் வரும். தக்காளிக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிச் சூடுதான் பிரச்சினை. ராத்திரி 21, 22 டிகிரிக்கு மேலே நின்றால் மகரந்தம் சரியாகக் கூடாமல் பூ உதிரும். நம் ஊரில் ராத்திரி கொஞ்சமாவது குளிர்கிற மாதங்கள் அந்த இரண்டு மூன்றுதான், அதற்குள் பூ வந்துவிட வேண்டும்.

பாத்திக்கு நடவுக்கு இரண்டு வாரம் முன்னால் சென்ட்டுக்கு இரண்டரைக் கிலோ கணக்கில் நீற்றுச் சுண்ணாம்பு போட்டுக் கொத்திவிட்டார்கள். சுண்ணாம்பும் சாணியுரமும் ஒரே நாளில் போடக் கூடாது, தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும், உரம் அப்புறம். குழாய்த் தண்ணீரை ஒரு பி.வி.சி. பைப் போட்டு விளை ஓரமாகத் திருப்பிவிட்டார் அண்ணன், செலவில் சின்னது, பலனில் பெரியது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மண்வெட்டி கீழ்ப் பாத்தியிலிருந்து மேல் பாத்திக்குப் போகுமுன் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவப்பட்டது. மணத்தக்காளியிடம் மட்டும் கொஞ்சம் தகராறு. “இது மருந்துக்கு நிக்குதுல்லா, இதையும் பிடுங்கணுமா?” என்று மைனி மனசில்லாமல் நின்றார். பிள்ளைகளுக்கு வாய்ப்புண் வந்தால் அந்தக் கீரைதான். கடைசியில் அதைப் பிடுங்கிவிட்டு, புதிதாக விதை போட்டு மட்டுப்பாவில் ஒரு வாளியில் வளர்ப்பதென்று பேசி முடித்தோம்.

மொத்தத்தில் பாதியைப் பாத்தியில், மீதியை வளர்ப்புப் பையில் வைத்தார்கள். பையை மண்ணில் வைக்காமல் செங்கல் மேலே ஏற்றினார்கள். பையின் அடி மண்ணில் பட்டால் வேர் துளை வழியாக இறங்கிவிடும், பிறகு பை வைத்ததற்கே அர்த்தம் இல்லை.

அப்புறம் வந்தது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. திருநெல்வேலி, தூத்துக்குடி அளவுக்கு இல்லை என்றாலும் நம் மாவட்டமும் தப்பவில்லை. விளையின் மேல் பக்கத்துத் தண்ணீர் முழுக்கப் பாத்தி மேலே ஓடியது, பைப் எல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம். ஒருவிதத்தில் இதைவிடக் கடுமையான பரீட்சை வைத்திருக்கவே முடியாது. அடுத்த வாரங்களில் கீழ் முனையில் அனகா சில வாடின, டம்ளர் சோதனையில் அதே இழை. மற்றவை நின்றன. ரக்ஷக்கில் வாடியது அதைவிடக் குறைவு, ஆனால் அவை பெரும்பாலும் மேட்டில் நின்றன, அதனால் ரகத்துக்கு முழு மார்க் போட நான் தயாரில்லை. பைகளில் வாடல் ஒன்றுகூட இல்லை.

மற்றச் சில்லறைத் தொல்லைகள் எல்லா ஊரிலும் உள்ளவைதான். வெள்ளை ஈயால் அனகாவில் இலைச்சுருட்டு வந்த செடிகளை உடனே பிடுங்கினார்கள். பைகளில் முதல் காய்கள் சிலவற்றுக்கு அடிப்புறம் கறுத்தது, அது நோய் இல்லை, ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் முங்குகிற மாதிரித் தண்ணீர் விட்டால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. காலை மாலை கொஞ்சம் கொஞ்சமாக விட்டதும் சரியாகிவிட்டது. பூ இருக்கும்போது காலையில் கம்பை விரலால் சுண்டிவிடுவது மைனியின் பழக்கம், தக்காளி தன் மகரந்தத்திலேயே கூடுகிறது என்பதால் அந்த அதிர்வு போதும். பிப்ரவரி முழுக்க அந்த வீட்டில் தக்காளி வாங்கவில்லை, எங்கள் வீட்டுக்கும் வந்தது. மார்ச்சில் பூ உதிர ஆரம்பித்ததும் செடியை எடுத்துவிட்டார்கள், அதற்கு மேல் தண்ணீர் விடுவது வீண்.

ஒட்டுக்கட்டிய நாற்று பற்றியும் கேட்கிறார்கள். வாடல் தாங்கும் கத்தரியிலோ சுண்டைக்காய்ச் செடியிலோ தக்காளி நுனியை ஒட்டுவது நடைமுறையில் உள்ளதுதான், பிடித்த ரகத்தையே வைக்கலாம் என்பது அதில் லாபம். சுண்டை முளைக்கவே தாமதம், அதை முன்கூட்டியே விதைக்க வேண்டும், ஒட்டியபின் ஒரு வாரம் ஈரக்காற்றில் மூடி வைக்க வேண்டும். வாங்கி நடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே நாற்றை ஆழமாக நடச் சொன்னேனே, ஒட்டு நாற்றில் அதைச் செய்யக் கூடாது. ஒட்டு மண்ணுக்குள் போனால் தக்காளித் தண்டு அங்கே சொந்தமாக வேர் விட்டுவிடும், கிருமிக்கு அந்த வேர் போதும்.

அனகாவில் வாடாமல் கடைசி வரை நின்ற செடிகளில், இலைச்சுருட்டு இல்லாதவற்றிலிருந்து மைனி விதை எடுத்து வைத்திருக்கிறார். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, சாறோடு ஒரு நாள் புளிக்கவிட்டு (நம் வெப்பத்தில் அதற்கு மேல் போனால் அதிலேயே முளைக்கத் தொடங்கும்), வழுவழுப்பு போனதும் அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தியது. கீழ்ப் பாத்தியில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது. அடுத்ததும் அங்கே சோளமோ பயறோதான், தக்காளி பையில். கத்தரி வேண்டும் என்று அண்ணன் ஒரே பிடிவாதம். அதற்கும் செங்கல் எடுத்து வைத்தாயிற்று.